பதினான்காம் இலக்கத்தில் நின்ற டேப்

மூன்று வருடங்களுக்கு முன்பு, தூறலும் வெயிலும் மாறி மாறி வந்த ஒரு புதன்கிழமை. கண்டியில் நான் வேலை செய்யும் ஸ்கேன் எடுக்கும் இடத்தில் இது நடந்தது. என் வீட்டுக்காரரைத் தவிர யாரிடமும் இதை முழுதாகச் சொன்னதில்லை. நாலு பேர் முன்னால் வாய் திறந்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்கப்போவதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

நான் ஓ.எல்., அதாவது பதினோராம் வகுப்புப் பரீட்சை வரை படித்தவள். அங்கே சேர்ந்தது கூட்டித் துடைக்கத்தான். சில வருடங்களில் டேப் மாற்றும் வேலையும் என் கைக்கு வந்தது. அது சலிப்பான வேலை, வேறு யாருக்கும் பிடிக்கவில்லை. எங்களுடைய ஸ்கேன் மெஷின் பழையது. அதன் கொம்பியூட்டரில் சில நாட்களின் படங்களுக்குத்தான் இடம் இருந்தது. அதனால் ஒவ்வொரு நாள் படங்களையும் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய டேப் ஒன்றில் ஏற்றி, அலுமாரியில் அடுக்கி வைப்போம். பாட்டுக் கேட்கும் கெசட் மாதிரி அதற்குள்ளும் நாடா ஓடும். ஒரு நாளின் படங்களுக்கு ஓர் இலக்கம். ஒன்று முடிந்த இடத்தில் இரண்டு, இரண்டு முடிந்த இடத்தில் மூன்று என்று வரிசையாக ஏறும். எந்த டேப்பில், எந்த இலக்கத்தில், யாருடைய படம் என்று நான் ஒரு கொப்பியில் எழுதி வைப்பேன். யாராவது பழைய படம் கேட்டால், கொம்பியூட்டரோடு இணைத்திருக்கும் டேப் பெட்டியில் அந்த டேப்பைப் போட்டு, அந்த இலக்கம் வரை நாடாவை ஓட்டி நிறுத்தி, அங்கிருந்து படத்தை எடுப்போம்.

செவ்வாய்க்கிழமை பகல் ஒரு பெண் தொலைபேசியில் பேசினார். நாவலப்பிட்டிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து. முப்பது வயது இருக்கும், குரலில் அவ்வளவு அவசரம். ஒன்றரை வருடத்துக்கு முன்பு எங்களிடம் தலை ஸ்கேன் எடுத்தவராம்.

"அக்கா, தலைக்குள்ள ஒரு கட்டி இருக்குங்க. வர்ற திங்கக்கெழம ஒப்பரேஷன். பெரிய டொக்டர் என்னா சொல்றாருன்னா, பழைய படத்துலயும் இதே அளவு இருந்துச்சுன்னா தலைய தொறக்கத் தேவையில்லயாம். வளர்ந்திருந்தா தொறந்துதான் ஆகணுமாம். வெள்ளிக்கெழமைக்குள்ள படத்த கொண்டாந்து காட்டச் சொல்றாரு. என்கிட்ட இருந்தது கூரை ஒழுகி ஒட்டிப்போச்சுக்கா. ஒங்ககிட்ட இருக்குமா?"

கொப்பியைப் பார்த்தேன். முப்பத்தோராவது டேப், பதினான்காவது இலக்கம். அன்று ஸ்கேன் எடுத்த பதினொரு பேரில் அவர் ஏழாவது. இருக்கிறது, நாளைக்கு வாங்க என்றேன். "நீங்க நல்லா இருக்கணும்க்கா" என்றார். அந்த வார்த்தை என்னை என்னவோ செய்தது. அவர் வந்து மணிக்கணக்கில் கதிரையில் காத்திருக்கக்கூடாது, ரயில் நிலையம் போய் இரண்டு மணிக் கோச்சியைப் பிடித்து வீடு போய்விட வேண்டும் என்று மனதில் நினைத்துக்கொண்டேன்.

அன்று மாலை படங்களை ஏற்றும் நேரத்தில் கரண்ட் போய்விட்டது. செவ்வாய்க்கிழமைப் படங்கள் டேப்பில் ஏறாமலே நின்றன. காலையில் ஏற்றலாம் என்று போய்விட்டோம்.

புதன்கிழமை நான் எல்லோருக்கும் முன்னால் வந்தேன். முதல் வேலையாக, வழக்கமான டேப்பை வெளியே எடுத்துவிட்டு முப்பத்தோராவது டேப்பைப் போட்டேன். பதினான்காவது இலக்கத்தின் தொடக்கம் வரை ஓட்டி நிறுத்தினேன். ஆள் வந்தவுடன் படத்தை எடுத்துக்கொடுத்து அனுப்பிவிடலாம். செய்துவிட்டு, பெரிய உதவி செய்தவள் போல் சந்தோஷமாகத் தரையைத் துடைக்கப் போனேன்.

ஒன்பது மணி இருக்கும். பைக்கில் விழுந்து தலையில் அடிபட்ட ஒருவரைக் கொண்டுவந்து மேசையில் படுக்க வைத்தார்கள். ஸ்கேன் எடுப்பவர் சிங்களவர், நாற்பது வயது, என்னை அக்கே என்றுதான் கூப்பிடுவார். உள்ளேயிருந்து கத்தினார்.

"அக்கே! மெஷின்ல இடம் இல்ல சொல்லுது! நேத்து படம் டேப்புக்கு போடுங்க, இக்மன்ட, இக்மன்ட!"

சீக்கிரம், சீக்கிரம் என்று அவர் கத்திய வேகத்தில் துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். ஒரு விஷயத்தை இங்கே சொல்ல வேண்டும். வழக்கமான டேப், முந்தின நாள் எழுதி முடித்த இடத்திலேயே நிற்கும். அதனால் புதிதாக எழுதும்போது எங்கே எழுதுவது என்று நான் பார்ப்பதே இல்லை. பட்டனை அழுத்துவேன். நாடா இந்த இடத்தில் நிற்கிறது, இங்கேயே எழுதவா என்று திரையில் ஆங்கிலத்தில் கேட்கும். வாசிக்காமலே ஆம் என்று அழுத்துவேன். வருடக்கணக்காக அப்படித்தான். அன்றும் அழுத்தினேன். டேப் பெட்டி எழுதத் தொடங்கியது. நாலு நிமிடம் ஓடி முடிந்தது. "ஹரி, சரி அக்கே, இடம் வந்துச்சு!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

கொப்பியில் பதிய உட்கார்ந்தேன். முப்பத்தோராவது டேப்பின் பக்கம்தான் திறந்து கிடந்தது. என் விரல் பதினான்காவது வரியில் போய் நின்றது. அந்தப் பெண்ணின் பெயர்.

அந்த நிமிடத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கை தானாகக் கொப்பியை மூடியது. பெட்டியிடம் பதினான்கைக் கேட்டுப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமைப் படங்கள் வந்தன. பதினைந்தைக் கேட்டேன். இதற்குப் பிறகு ஒன்றுமில்லை என்றது. பதினைந்து முதல் இருபது வரை ஆறு நாட்களின் படங்கள் இருந்த டேப் அது!

அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு ஸ்கேன்காரர் வெளியே வந்தார். தட்டுத் தடுமாறிச் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார். பிறகு, என் முகத்தைப் பார்த்த இரக்கத்தில், மெதுவாகச் சொன்னார்.

"அக்கே, அழ வாணாம். டேப் பழசு, பழுதா போச்சு சொல்லுங்க. யாரு பார்க்கப் போறது?"

உண்மையில் யாரும் பார்க்கப்போவதில்லை. பழைய டேப்கள் பழுதாவது எல்லோருக்கும் தெரிந்தது. என் வேலைக்கும் ஆபத்து வராது. நானும் தலையாட்டினேன். அந்த வசனத்தை மனதுக்குள் இரண்டு மூன்று தடவை சொல்லியும் பார்த்தேன்.

பத்தரைக்கு அந்தப் பெண் வந்தார். மெலிந்த உடம்பு, நனைந்த செருப்பு, கையில் ஒரு பொலித்தீன் பை. பைக்குள் ஒட்டிப்போன பழைய படம். "இது எதுக்காவது ஒதவுமோன்னு இதையும் கொண்டாந்தேன்க்கா" என்று சிரித்தார். தலையை மழிக்க வேண்டிவரும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்களாம். அதனால் கூந்தலைப் பாதியாக வெட்டியிருந்தார். அதைப் பார்த்ததும் நான் தயார் செய்து வைத்திருந்த வசனம் வரவில்லை. வாய் திறந்தேன், அழுகைதான் முதலில் வந்தது. அழுதுகொண்டே, நான்தான் தவறுதலாக அதன் மேலேயே வேறு படங்களை எழுதிவிட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

"என்னாக்கா நீங்க? அழ வேண்டியது நானுல்ல? நீங்க அழுதா நான் எங்க போய் அழுவேன்? மொதல்ல மூக்க தொடைங்க!"

துடைத்தேன். அவர் கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கோபம் முகத்தில் அப்படியே இருந்தது. ஆனாலும் கேள்வி கேட்கத் தொடங்கினார். எவ்வளவு நேரம் எழுதியது? நாலு நிமிடம். என்னுடையது எத்தனையாவது? ஏழாவது. ஒரு நாள் படம் முழுவதும் எழுத எவ்வளவு நேரம் ஆகும்? எட்டு, ஒன்பது நிமிடம்.

"அப்ப பாதிதானேக்கா மேல பூசிருக்கு? நான் பின்னாடி இல்ல இருக்கேன்? எனக்கு மேல ஒண்ணும் படலயே, நான் எங்க போயிருவேன்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருடம் டேப்போடு இருந்த எனக்கு இது தோன்றவில்லை. பெட்டி ஒன்றுமில்லை என்றது, நானும் ஒன்றுமில்லை என்று நம்பிவிட்டேன்.

பிலிமத்தலாவையில் கொம்பியூட்டர் திருத்தும் கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் ஐயா இருக்கிறார். எங்கள் மெஷின் மக்கர் பண்ணினால் அவர்தான் வருவார். அவருடன் ஒரு நாளும் நான் நேராகப் பேசியதில்லை, தேத்தண்ணீர் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடுவேன். அன்று நானே அழைத்தேன். பாதி சொல்லும்போதே அவர் குரல் உயர்ந்தது.

"அதுக்குப் பொறகு அந்த டேப்புல வேற ஏதாச்சும் எழுதினீங்களா? இல்லயா? அல்ஹம்துலில்லாஹ்! ஒண்டும் செய்ய வாணாம், தொடவும் வாணாம். நான் பஸ் ஏறிட்டேன் எண்டு வெச்சுக்கோங்க!"

பேராதனைப் பக்கம் வாகன நெரிசல். ஒரு மணி நேரம் கழித்துத்தான் நனைந்துகொண்டு வந்தார். முதல் வேலையாக, தவறான இடத்தில் ஏறியிருந்த செவ்வாய்க்கிழமைப் படங்களைத் தன் லெப்டொப்பில் எடுத்து வைத்தார். பிறகு டேப்பை வெளியே எடுத்து, அதன் ஓரத்தில் இருந்த ஒரு சின்னத் தட்டைக் காட்டினார். நிறைந்த டேப்பில் இதை நகர்த்தி மூடிவிட்டால் யார் அழுத்தினாலும் எழுதாதாம். அந்தத் தட்டு எதற்கு என்று அன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்க வெட்கப்பட்டுக்கொண்டே இத்தனை வருடம் ஓட்டியிருக்கிறேன்.

"தங்கச்சி சொன்னது சரி. படம் உள்ளுக்குத்தான் இரிக்கி. ஆனா எழுதி முடிச்ச எடத்துல இந்தப் பெட்டி, முடிஞ்சிட்டு எண்டு ஒரு அடையாளம் வெச்சிட்டுது. இது பயந்த சாமான். அந்த அடையாளத்தக் கண்டா அங்கால கால் வைக்காது" என்றார்.

"அந்த அடையாளத்த அழிச்சிருங்களேன்" என்றார் அந்தப் பெண்.

"அழிக்கிற எண்டா அதுக்கு மேல எழுதணும். எழுதி முடிச்சா திரும்பவும் கொஞ்சம் தள்ளி அடையாளம் வைக்கும். அதனால, எழுதத் தொடங்கின உடனே, அடையாளம் வைக்க விடாம, பிளக்கப் புடுங்கணும்!"

ஸ்கேன்காரர் துள்ளி எழுந்தார். டேப் பெட்டிக்குத் தனிப் பிளக். அதைப் புடுங்கக்கூடாது என்று அந்தச் சுவரில் மூன்று மொழிகளிலும் ஒட்டியிருந்தது. ஒட்டியவளும் நானே. "இவ்வளவு காலம் புடுங்க வாணாம் சொல்லிட்டு, இப்ப புடுங்கத்தானா மெஷினுக்கு டொக்டர் கூப்பிட்டது?" என்றார் அவர். ஐயா சிரிக்காமல் விளக்கினார். முன்னதாகப் புடுங்கினால் ஒன்றும் நடக்காது, அடையாளம் அப்படியே இருக்கும். பிந்தினால் புது எழுத்து ஓடிப்போய் ஏழாவது ஆளின் படத்தையும் சாப்பிட்டுவிடும். அவர் கணக்கில் முதல் நாலு பேருடைய படங்கள் ஏற்கனவே போய்விட்டன. மீதி இரண்டு பேருடைய இடம்தான் கைவசம்.

வேண்டாத டேப் ஒன்றைப் போட்டு முதலில் பழகிப் பார்த்தார். பெட்டியின் முன்னால் ஒரு சின்னப் பச்சை லைட் இருக்கிறது. எழுதும்போது மினுங்கும். அதைப் பார்த்துக்கொண்டே புடுங்கினார். முந்திவிட்டது, ஒன்றும் எழுதப்படவில்லை. திரும்பச் செய்தார். பிந்திவிட்டது. மூன்றாவது தடவை இன்னும் பிந்தியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்த லைட்டு ஒரு நேரம் முந்துது, ஒரு நேரம் பிந்துது. இத நம்பி எப்புடி அசல் டேப்பப் போடுற?" என்றார்.

எனக்குத் தெரியும். தேத்தண்ணீர்த் தட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்ற எனக்கு மூன்று தடவையும் சரியான நேரம் தெரிந்தது. நாடாவைத் தேடி ஓட்டும்போது அந்தப் பெட்டி நீளமாக ஊளையிடும். நிற்கும். பிறகு எழுதத் தொடங்குவதற்கு முன் ஒரு மூச்சு இழுப்பது போல ஒரு சத்தம் வரும். அதற்கடுத்து, தையல் மெஷினை மெதுவாக மிதிப்பது போல தட்டித் தட்டி எழுதும். முடியும்போது டக் டக் என்று இரண்டு தட்டு, அதுதான் அடையாளம். தரை துடைத்தபடி எத்தனையோ நாள் கேட்ட சத்தம். திரும்பிப் பார்க்காமலே பெட்டி என்ன செய்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் படித்தவர்கள் முன்னால் அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

"ஐயா, கொஞ்சம் நில்லுங்க. அக்கா என்னமோ சொல்ல வர்றாங்க. வந்து வந்து முழுங்குறாங்க" என்றார் அந்தப் பெண்.

எல்லோரும் திரும்பினார்கள். தட்டை மேசையில் வைத்துவிட்டு, "லைட்ட பாக்காதீங்க. சத்தத்த கேளுங்க. மூச்சு இழுத்து, மூணாவது தட்டுல புடுங்கணும்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது.

ஐயா ஒரு நிமிடம் காது வைத்துக் கேட்டார். "எனக்கு எல்லாம் ஒரே சத்தமாத்தான் கேக்குது. நீங்களே புடுங்குங்க அக்கா" என்று எழுந்து இடம் விட்டார்.

வேண்டாத டேப்பில் இரண்டு தடவை செய்தேன். இரண்டு தடவையும் சரியாக விழுந்தது. "ம்... இதுக்கு மேல பழகினா கை நடுங்கும். அசலப் போடுவோம்" என்றார் ஐயா.

முப்பத்தோராவது டேப் உள்ளே போனது. இதில் இரண்டாம் தடவை என்பது இல்லை. சுவரோடு முழங்காலிட்டு உட்கார்ந்து பிளக்கைப் பிடித்துக்கொண்டேன். ஸ்கேன்காரர் மின்விசிறியை நிறுத்தினார். வெளியே யாரோ திரீவீலரை முடுக்கினார்கள். அவர் ஓடிப்போய் அதையும் நிறுத்தச் சொன்னார்! ஐயா பட்டனை அழுத்தினார். ஊளை. எவ்வளவு நீளமான ஊளை அது! நின்றது. மூச்சு இழுத்தது. ஒன்று. இரண்டு. மூன்று.

இழுத்தேன்.

பெட்டி செத்ததுபோல் அமைதியானது. டக் டக் வரவில்லை. ஐயா பத்து எண்ணச் சொல்லிவிட்டு, பிளக்கைத் திரும்பப் போடச் சொன்னார். போட்டேன். நாடா முதலிலிருந்து ஓடி வந்தது. நாங்கள் கெடுத்த இடத்துக்கு வந்ததும் பல்லைக் கடிப்பது போல கரகரத்தது. நின்று, பின்னால் போய், திரும்ப வந்து கரகரத்தது. ஐயா வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் திரையைப் பார்க்கவே இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திடீரென்று கரகரப்பு அடங்கி, வழுவழுவென்று ஓடத் தொடங்கியது.

"வாசிக்குது!" என்று கத்திவிட்டேன். திரையில் இன்னும் ஒன்றும் வரவில்லை. "நிசமாவாக்கா?" என்று அவர் என் தோளைப் பிடித்தார். ஒரு நிமிடம் கழித்துத்தான் ஐயாவின் லெப்டொப்பில் யாரோ ஒருவருடைய வயிற்றின் கீழ்ப்பாதி வந்தது. மேல்பாதி இல்லை. அடுத்து ஒருவருடைய முதுகு, முழுதாக. அடுத்து ஒரு தலை. மூலையில் அந்தப் பெண்ணின் பெயர்.

"ஐயோ, என் மண்டையா அது? இவ்வளவு அழகாவா இருக்கு!"

அவர் சொன்னதும் எல்லோரும் சிரித்துவிட்டோம். ஸ்கேன்காரர் கை தட்டினார். நான் சுவரோரமாகவே உட்கார்ந்து அழுதேன், இந்தத் தடவை யாரும் மூக்கைத் துடைக்கச் சொல்லவில்லை.

படங்களை அச்சிட்டுக் கொடுக்கும்போது மூன்று மணி தாண்டிவிட்டது. கோச்சி போய்விட்டது. குட்ஷெட் பஸ் நிலையம் வரை நானும் போய் அவரை நாவலப்பிட்டி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். பஸ் நகரும்போது ஜன்னல் வழியாக, "இனிமே திரையில கேட்டா வாசிச்சிட்டு அமுக்குங்கக்கா!" என்று ஊர் கேட்கச் சொன்னார். எனக்குக் கோபம் வரவில்லை.

ஐயா அடுத்த நாளும் வந்து, பதினைந்து முதல் இருபது வரை இருந்த படங்களையும் மீட்டுத் தந்தார். முதல் நாலு பேருடைய படங்கள் போனது போனதுதான். ஐந்தாவது ஆளுக்குப் பாதிதான் மிஞ்சியது. மேலாளரிடம் நானே சொன்னேன். நன்றாகத் திட்டினார், வேலையை விட்டு நிறுத்தவில்லை. அந்த ஐந்து பேருக்கும் நானே தொலைபேசியில் சொல்ல வேண்டும் என்றார். நாலு பேர் கையில் தங்கள் படம் பத்திரமாக இருந்தது. ஒருவர் எத்தனை தடவை அழைத்தும் பதில் சொல்லவில்லை. அது இன்றும் மனதில் ஒரு முள்தான்.

சனிக்கிழமை காலை வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது அழைப்பு வந்தது.

"அக்கா! ஒரு நூல் அளவு கூட வளரலயாம்! அப்பவும் இதே அளவுதானாம்! திங்கக்கெழம வர வேணாம்னுட்டாரு டொக்டரு. ஆறு மாசத்துக்கு ஒருக்கா படம் எடுத்துப் பாத்தா போதுமாம். அந்த முடியத்தான் அநியாயமா வெட்டிப்புட்டேன்!"

நான் குதித்ததில் வாளி கவிழ்ந்து, துடைத்த தரையெல்லாம் தண்ணீர்.

அந்தப் படங்கள் அன்று காலை முழுதும் அந்தச் சின்ன டேப்புக்குள்தான் இருந்தன. பழுதாகிவிட்டது என்று நான் சொல்லியிருந்தால் யாரும் தேடியிருக்க மாட்டார்கள். திங்கட்கிழமை ஒரு தேவையுமில்லாமல் அந்தத் தங்கச்சியின் தலையைத் திறந்திருப்பார்கள். நானோ, நல்லவேளை தப்பித்தேன் என்று நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். அன்று செய்த தவறைவிட, எனக்குக் கிடைத்திருக்கக்கூடிய அந்த நிம்மதியை நினைத்தால்தான் இன்றைக்கும் பயமாக இருக்கிறது.